அரை ரேகை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தொழிலாளர் அலுவலகத்தில் அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்து நான் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவர் பேனா வழியாகத் தாளில் இறங்கும்போது எனக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது, அதிலிருந்து வாயைத் திறக்கவே யோசனையாக இருக்கிறது. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று அடுக்கத் தெரியாமல், பாதி சொன்ன பிறகு "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னா" என்று திரும்பி ஓடுகிறவள். அதனால் இந்தத் தடவை விரலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விரல் என்றால் இடது கை கட்டைவிரல், அதிலும் நகம் இருக்கிற நுனி மட்டும்.

கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி உள்ளே போகிற சந்து ஒன்றில் எங்கள் பட்டறை. தண்ணீர் பம்ப் மோட்டாருக்குள் அடுக்குகிற மெல்லிய தகடுகளை பிரஸ் மிஷினில் வெட்டி எடுப்பது வேலை. முப்பது மிஷின், முப்பது பெண்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பொத்தான் உண்டு, இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தான் மேல் இருந்தால் ஒரு கையும் அச்சுக்கு அடியில் இருக்காது என்று அதைச் செய்த புண்ணியவான் யோசித்து வைத்திருக்கிறான். எங்கள் பட்டறையில் காலையில் மிஷினைப் போடும்போதே இடது பொத்தானில் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி, அது அழுந்தினபடியே நிற்கும்படி செய்துவிடுவார்கள். அப்போது இடது கை தகட்டைத் தள்ள, வலது கை மட்டும் அழுத்த, நாளைக்கு ஆயிரம் தகடு விழுகிற இடத்தில் ஆயிரத்து எழுநூறு விழும். குச்சி வைக்க மாட்டேன் என்று சொன்னவர்கள் யாரும் மறுநாள் பட்டறையில் இருந்ததில்லை.

குச்சி செருகுவது எங்கள் வரிசைக்குத் தலைவியாக இருந்த துளசிமணியின் வேலை. என்னைவிட எட்டு வயது சின்னவள். ஒன்பது வருடம் என் பக்கத்து மிஷினில் நின்றவள். என் தூக்குப்போசியிலிருந்து அவளும் அவள் தூக்குப்போசியிலிருந்து நானும் சாப்பிட்டுப் பழகி, என் வீட்டுக் குழம்பு எது, அவள் வீட்டுக் குழம்பு எது என்று கடைசியில் இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிருந்தது. காலையில் குச்சியோடு வருவாள், "அக்கா, ஐஸ் வந்தாச்சு, குச்சி மட்டும்" என்பாள், சிரித்துக்கொண்டே செருகிவிட்டுப் போவாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால். முதலில் வலிக்கவில்லை, தகடு ஈரமாக இருக்கிறதே, எண்ணெயை யார் இப்படி ஊற்றியது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் என் கட்டைவிரல் குட்டையாக இருந்தது.

எங்கள் சந்துகளில் இருக்கிற பெண்களுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரியும்: துண்டான நுனியைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போட்டால் வெந்த மாதிரி ஆகிவிடும், பிறகு ஒட்டாது. மற்ற ஊரில் குழந்தைக்குப் பேதியானால் உப்பும் சர்க்கரையும் கலக்கத் தெரிகிற மாதிரி எங்கள் ஊரில் இது தெரியும். முதலாளி பொன்னுரங்கம் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நுனி அச்சுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்க போங்கக்கா, நான் தேடி எடுத்துட்டு ஆட்டோல பின்னாடியே வர்றேன்" என்று துளசிமணி கத்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்ட முதலாளி, அவசர வேலை இருக்கிறது என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கை வைத்தியத்துக்கென்றே இருக்கிற டாக்டர் அவர். என் கையைப் பார்த்துவிட்டு, "நுனி எங்கம்மா?" என்றார்.

"வருதுங்க."

"எங்க இருந்து வருது?"

"ஆட்டோல வருதுங்க, சார்."

பத்து நிமிடத் தூரத்துக்கு அந்த நுனி ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. துளசிமணி மூச்சு வாங்க ஓடிவந்து தூக்குப்போசியை நீட்டினாள். "மூணு கடை ஏறி எறங்கிட்டேன்க்கா. ஒருத்தன்கிட்டயும் ஐஸ் இல்லை. கடைசில கரும்புச்சாறுக் கடையில கெடச்சுது." டாக்டர் போசியைத் திறந்து, கவரைப் பிரித்து, துணியை விரித்துப் பார்த்தார். "யாரு கட்டுனது? அழகாக் கட்டியிருக்கீங்களே" என்றார். அதைக் கேட்டதும் துளசிமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இது என்ன, ஊதாவா இருக்குது?" என்று அவர் கேட்டதற்கு, "தகட்டுல குறி போடுற மைங்க, சார்" என்று அழுகைக்கு நடுவே அவளே பதிலும் சொன்னாள். எனக்காக ஒருத்தி இப்படி அழுகிறாளே என்று நினைத்து, விரல் போனதை மறந்து நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

கையை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டு, பெரிய பூதக்கண்ணாடிக்கு அடியில், தலைமுடியை நாலாக வகிர்ந்த மாதிரி நூலால், பாசிப்பயறைவிடச் சின்னதான ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்தார்கள். தைத்துக்கொண்டே மத்தியானம் தயிர்சாதமா, பிரியாணியா என்று பேசிக்கொண்டார்கள். தயிர்சாதம் என்று முடிவானபோது விரலும் ஒட்டியிருந்தது. புது ரத்தம் உள்ளே போய்விடும், பழைய ரத்தம் வெளியே வரத்தான் வழி இருக்காது என்று நகத்தை எடுத்துவிட்டார்கள். மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து அந்த இடத்தைக் கீறிச் சொட்டவிட்டுப் போவாள். இரண்டு நாள் சிவப்பாகச் சொட்டியது. மூன்றாம் நாள் காலையில் ஊதாவாகச் சொட்டியது.

"சார், ஊதாவா வருதுங்க" என்றாள் நர்ஸ்.

"விரல் சூடா இருக்கா?"

"இருக்குங்க."

"அழுத்துனா வெளுக்குதா? விட்டா நிறம் திரும்புதா?"

"திரும்புதுங்க. ஊதாவாத் திரும்புது."

"திரும்புதில்ல, அது போதும்" என்று டாக்டர் சீட்டில் எழுதினார். ஒன்பதாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு நான் தொட்ட டம்ளரில் ஒரு ரேகை விழுந்தது. பிறகு சாமி படத்துக் கண்ணாடியில், என் வீட்டுக்காரர் ஆறுச்சாமியின் வெள்ளைச் சட்டைக் காலரில், தோசைக் கரண்டியில், உப்புச் சாடியில். ஸ்டாம்ப் பேடில் தொட்டு எடுத்த மாதிரி பளிச்சென்று ஊதா. சோப்புப் போட்டாலும் போகாது, மண்ணெண்ணெய் போட்டாலும் போகாது. விரலைத் துடைத்தால் துணி ஊதாவாகும், விரல் வறண்டு போகாது. இன்னொன்றையும் நான்தான் முதலில் கவனித்தேன். விரலை எப்படித்தான் உருட்டி வைத்தாலும் மேல் பாதிதான் பதிந்தது. தையல் போட்ட தழும்பு பதியாது, தழும்புக்குக் கீழே இருக்கிற சதையும் பதியாது. வாழைக்காயைக் கத்தியால் சீவின மாதிரி, கீழ்ப்பக்கம் நேர்கோடாக முடிந்த அரை ரேகை. விரல் கையில் ஒட்டியிருப்பது ரேகைக்குத் தெரியாத மாதிரி.

"நம்ம வீட்டுக்குப் போஸ்டாபீஸே வந்துருச்சு. இனி நான் எங்க போனாலும் சீல் வெச்சுத்தான் அனுப்புவா" என்று ஆறுச்சாமி டீக்கடையில் சொல்லியிருக்கிறார். மில்லில் வாட்ச்மேன் வேலை. சிரிக்க விஷயம் கிடைத்தால் விடமாட்டார்.

ஊரில் யாரும் பயப்படவில்லை. அதிசயம் ஒன்று வந்தால் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்க்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அடுத்த வீட்டுப் பரிமளா என்கூடப் பட்டறையில் வேலை செய்கிறவள், பிரசவ லீவில் இருந்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, கண்மை வெச்சா இவ பத்து நிமிசத்துல அழிச்சுக்கறா. நீங்க ஒண்ணு வெச்சு விடுங்க, அழியாதுல்ல" என்று கன்னத்தைக் காட்டினாள். வைத்தேன். அந்த வாரம் குழந்தைக்குச் சளி விட்டது. சளி தானாக விட்டிருக்கும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் கன்னத்தைக் காட்டிக் குழந்தைகள் வந்தன, புதுக் கதவைக் காட்டி ஆசாரி வந்தார், ஆட்டோவின் பின்பக்கத்தைக் காட்டி டிரைவர்கள் வந்தார்கள். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுகிறவர்கள் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவும் இருக்கட்டும் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். துணி தேய்க்கிறவர் துணி மாறிப்போகாமல் இருக்க அடையாளம் வேண்டும் என்று வந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் வையுங்கள், கடைசிப் பக்கத்தில் வையுங்கள் என்று நின்றார்கள். மாகாளியம்மன் கோயில் பூசாரி முதலில் இது என்ன நிறம், ஆகுமா ஆகாதா என்று மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் உண்டியலின் பின்பக்கம் மட்டும் வைக்கலாம், முன்பக்கம் அம்மன் பார்க்கிற பக்கம் என்று முடிவு சொன்னார். ரேஷன் கடையில் இரும்பும் எண்ணெயும் தின்ற எங்கள் விரல்களை ரேகை மிஷின் எப்போதும் துப்பிவிடும், நாலைந்து தடவை துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். என் விரலை வைத்தவுடனே அது மணியடித்து ஏற்றுக்கொண்டது, வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த நாற்பத்தேழு வயதில் நாலு பேர் என் வாசலில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

துளசிமணி மட்டும் கேட்கவில்லை. தினமும் வேலை விட்டதும் வந்து எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள், ஒரு கையால் முடியாது என்று தலை பின்னிவிட்டாள், என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துச் செருகிவிட்டாள். ஆனால் என் இடது கை பக்கம் வந்தால் அவள் உடம்பு ஒதுங்கும். "உனக்கும் ஒண்ணு வெக்கட்டுமா அம்மிணி?" என்று விளையாட்டாக விரலை நீட்டினால், "ஐயோ வேண்டாங்க்கா, எனக்கெதுக்கு" என்று சமையல் மேடை வரைக்கும் பின்னாலேயே போவாள். தாமதமாக வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி என்று நினைத்து, அதற்காகவும் அவளைக் கூடுதலாகப் பிரியமாக நடத்தினேன்.

பிறகு விசாரணைக்குக் கடிதம் வந்தது. மிஷினில் விரல் போனால் யார் தப்பு என்று அரசாங்கம் கேட்குமாம். முதலாளி தப்பு என்றால் எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும், முப்பது மிஷினிலும் குச்சி இனி கிடையாது. என் தப்பு என்றால் வேலையும் போய், தானே கையைக் கொடுத்தவள் என்ற பெயரும் ஆயுசுக்கும் நிற்கும். எனக்கு விபத்து ஆன மறுநிமிடமே எல்லாக் குச்சிகளையும் பிடுங்கிவிட்டார்கள். "உத்தரவு நமக்குச் சாதகமா வந்த மறுநாள் எல்லாம் பழையபடி" என்று முதலாளி யாரிடமோ போனில் சொன்னதைப் பெண்கள் கேட்டிருந்தார்கள். அதனால் எனக்காகவும் வேண்டிக்கொண்டார்கள், தங்கள் விரல்களுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். குச்சியைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் முதலாளி பக்கத்திலிருந்து ஒரு தாளை வாங்கி என் முன்னால் வைத்தார்.

"இதைப் படிச்சுப் பாருங்கம்மா."

படித்தேன். இடது பொத்தானில் குச்சி, கல், துணி எதையும் வைக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது என்றும், மீறி நானாக வைத்தால் வருகிற கேடு எதுவானாலும் என்னையே சேரும் என்றும் மயிலாத்தாள் ஆகிய நான் எழுதிக் கொடுத்திருந்தேன். தேதி, விபத்துக்கு ஒரு மாதம் முன்னால். எங்கள் பட்டறையில் எல்லாவற்றுக்கும் கைரேகைதான், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடமும் ரேகைதான் வாங்குவார்கள். கீழே ஊதாவில் ஒரு ரேகை இருந்தது. கீழ்ப்பக்கம் நேர்கோடாக முடிந்த அரை ரேகை.

"சார், இது நான் வெச்சதில்லீங்க. இது வெச்சப்போ விரல் என் கையிலயே இல்லீங்க."

"அப்படின்னா?"

"வெட்டுப்பட்டு, ஐஸுல வெச்சு ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில வெச்சிருக்காங்க. பாருங்க, கீழ நேரா இருக்குது. முழு விரல வெச்சா இப்படியா சார் விழும்?"

"பாதி ரேகை விழறது சகஜம்மா. உங்க விரல்ல இப்போ தையல் தழும்பு இருக்கு. இந்த ரேகையில தழும்பு இல்லை. அப்போ இது விபத்துக்கு முன்னாடி வெச்சதுதானே?"

"இப்பவும் தழும்பு விழாதுங்க, சார்" என்று அவர் மேஜையில் இருந்த வெள்ளைத் தாளில் விரலை வைத்துக் காட்டினேன். அதே அரை ரேகை, அதே நேர்கோடு. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அச்சு அசலா ஒண்ணா இருக்குதே. அப்போ தாள்ல இருக்கறது உங்க ரேகைதான்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்று சொல்லி, அதை எழுதிக்கொண்டார். "ரேகை எங்க இருக்குதோ அங்க சம்மதம் இருக்குதுன்னுதான் சட்டம் பாக்கும், அம்மா."

பிறகு சாட்சியைக் கூப்பிட்டார்கள். துளசிமணி வந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்ட அதே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்த ரேகை வெச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "என் கண்ணு முன்னாடிதானுங்க வெச்சுது."

அவள் பொய்யே சொல்லவில்லை.

உத்தரவு இரண்டு மாதத்தில் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். ஓடுவாள் என்று நினைத்தேன், ஓடவில்லை.

"ஐஸுக்குன்னு மூணு கடை ஏறி எறங்குனேன்னியே துளசி."

"மொதக் கடையிலயே ஐஸ் கெடச்சுதுக்கா." மூக்கை உறிஞ்சினாள். "கடை வாசல்ல கார நிறுத்தி மொதலாளி என்னையப் பட்டறைக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போனாருங்க. குச்சி சொருகுனது யாருன்னு போலீஸ் கேட்டா உன் பேரத்தான் சொல்லுவேன், நீ ஜெயிலுக்குப் போனா உன் ரெண்டு பிள்ளைகளையும் யாரு பாப்பான்னு கேட்டாரு."

"அதுக்கு?"

"தாள ரெடியா எழுதி வெச்சிருந்தாரு. கவரப் பிரிச்சு எடுத்து, பேடுல தொட்டு, ஒரே ஒரு தடவதானுங்க்கா. உடனே மறுபடியும் துணியச் சுத்தி, அதே மாதிரி ஐஸ் மேல வெச்சுட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தாள். "உங்குளுக்கு வலிச்சிருக்காதுல்லக்கா?"

அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாவம் இந்தப் பிள்ளை வெயிலில் எங்கே அலைகிறாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வலித்ததா இல்லையா என்று அவளுக்கு எதைச் சொல்வது? விரலுக்குத் தெரியும். விரல் அந்த மையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் என்னிடம் திரும்பி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பிரியமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் பிரியமாக வைத்துக் கொடுத்தேனே, அதில் எத்தனை வெற்றுத் தாளில் இருக்கிறது? ரேகைக்கு மேலே இடம் இருந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். வீட்டைக் கொடுத்தேன், கல்லைக் கட்டிக்கொண்டு கிணற்றில் விழச் சம்மதித்தேன் என்று எழுதலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய் நின்று நோட்டைக் கொடுங்கள், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பதினோரு பக்கம் கிடைத்தது. பாஸான பிள்ளைகள் தர மாட்டேன் என்றன. விரலுக்கு உறை மாட்டினேன், உறை நனைந்து உறையின் ரேகை விழுந்தது. சோறு இறங்கவில்லை. ஒன்பது வருடம் ஒரே போசியில் தின்றவளே இப்படிச் செய்தால், பேர் தெரியாதவன் என்ன செய்ய மாட்டான் என்று அதே நினைப்பு சுற்றிச் சுற்றி வந்தது.

ஆறுச்சாமி பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், "ஏம்புள்ள, ரேகை இருக்கற எடத்துலயெல்லாம் உன் சம்மதம் இருக்குதுன்னா, பரிமளா புள்ளைய நீதான் பெத்தே, அம்மன் உண்டியலும் உன்னுது, ஒம்பது ஆட்டோவுக்கும் நீதான் ஓனரு. பேசாம வாடகை வாங்கு" என்றார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுந்து உறையைக் கழற்றினேன்.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தேன். வெற்றுத் தாளைத் தொடவே மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு, ஏற்கெனவே எழுதியிருக்கிற எல்லாவற்றிலும் வைத்தேன். டீக்கடைக்கு வந்த அத்தனை பேப்பரிலும், பஸ்ஸில் கொடுத்த டிக்கெட்டிலும், ஒன்றையொன்று திட்டுகிற எல்லாக் கட்சிகளின் சுவரொட்டியிலும், கரண்ட் ஆபீஸ் அறிவிப்புப் பலகையிலும், பேங்கில் தொங்குகிற எச்சரிக்கையிலும், தியேட்டர் வாசலில் நிற்கிற நடிகரின் மூக்கிலும், வக்கீல் ஆபீஸ் பெயர்ப்பலகையிலும், மருந்துக்கடைச் சீட்டிலும், காணாமல் போன நாயைத் தேடுகிற நோட்டீஸிலும், முதலாளி மகள் கல்யாணத்துக்கு அச்சடித்து வந்திறங்கிய எண்ணூறு பத்திரிகையிலும் வைத்தேன். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு, கைக்கு நல்லது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். பரிமளா லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றைக்கே ஓடிவந்தாள். குச்சி வைத்தால் கேடு என்னையே சேரும் என்ற அதே தாளை முதலாளி ஆளுக்கொரு படி எடுத்து, எல்லாரும் வீட்டில் படித்துப் பார்த்து ரேகை வைத்துக் கொண்டுவாருங்கள் என்று கொடுத்துவிட்டாராம். சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருத்தியாக என் வீட்டுக்கு வந்தார்கள், அவரவர் ரேகை வைக்க வேண்டிய இடத்தில் நான் என்னுடையதை வைத்தேன். துளசிமணிக்குக் கொடுத்த தாள் மட்டும் வரவில்லை.

"அத்தனை பேருக்கும் ஒரே வெரலா?" என்று முதலாளி மறுநாள் தாள்களை வீசியிருக்கிறார்.

"நீங்க விட்டு வெச்சது அவ்வளவுதானுங்க, மொதலாளி" என்றிருக்கிறாள் பரிமளா.

திங்கள்கிழமைதோறும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், உத்தரவு வந்துவிட்டதா சார் என்று கேட்டேன். இன்னும் இல்லை என்பார். போகும்போது கதவில், திரும்பும்போது பெஞ்சில், அடுத்த வாரம் கோப்புகள் அடுக்கிய அலமாரியில், அதற்கடுத்த வாரம் மேஜைக் கண்ணாடியில், காலண்டரில், அவர் தண்ணீர் பாட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். எட்டாவது திங்கள்கிழமை, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு அவர் எழுதி வைத்திருந்த மனுவிலும் வைத்தேன். அவர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மாற்றல் குடுக்கச் சம்மதமா, அம்மா?" என்றார் கடைசியில்.

"நீங்க சொன்ன சட்டப்படி சம்மதம்தானுங்க, சார்."

உத்தரவு தபாலில் வந்தது. மேற்படி ரேகை இந்த அலுவலகத்தின் கதவு, மேஜை, கோப்புகள், அதிகாரியின் சொந்த மனு உட்பட மாவட்டத்தில் எங்கும் காணக் கிடைப்பதால், அதை எவரும் எதற்கும் சம்மதித்ததற்கான ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றும், அதை வைத்ததைப் பார்த்த சாட்சியமும் அதோடு சேர்ந்து தள்ளப்படுகிறது என்றும், விபத்துக்கு நிர்வாகமே பொறுப்பு என்றும், பொத்தான்களில் குச்சி முதலான எதையும் செருகுவது குற்றம் என்றும், மயிலாத்தாளுக்கு வேலை திரும்ப வழங்கப்பட வேண்டும் என்றும் போட்டிருந்தது. பரிமளா சத்தமாகப் படித்தாள். வாசலில் நின்ற பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, இருக்கிற விரல்களை எண்ணிப் பார்க்கிற மாதிரி தடவிக்கொண்டு நின்றார்கள். ஆறுச்சாமி எல்லாருக்கும் டீ சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து துளசிமணி வந்தாள். கையில் தூக்குப்போசி, மூடியின் விளிம்பில் ரசம் வழிந்திருந்தது. "நல்லதாப் போச்சுங்க்கா. நாளைக்கே வந்துருங்க, உங்க மிஷின நானே தொடச்சு வெச்சிருக்கேன்" என்றாள். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும். "குடுங்கக்கா, நானும் படிக்கறேன்" என்று உத்தரவுக்காகக் கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. இருக்கச் சொல்லிவிட்டு, தாளைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைப்புக்கு மேலே இருந்த வெள்ளையில் வைத்தேன். நாலு ஓரத்திலும் வைத்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இருந்த சந்தில் விரலைச் சாய்த்து, எழுத்து மறையாமல் வரிசையாக வைத்தேன். அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது, அங்கே நெருக்கி நெருக்கி நாற்பதுக்கு மேல் வைத்தேன். திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலும் ஒரு கடுகு விழ இடம் இல்லாமல் வைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. இனி இதில் ஒரு சொல்லைக்கூட யாராலும் சேர்க்க முடியாது என்று தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்ட பிறகுதான் துளசிமணியிடம் படிக்கக் கொடுத்தேன்.